குதிரை முதுகில் காய்ந்திருந்த இரண்டு இடங்கள்

போன மாதம் அர்ச்சனா என்னைப் பார்க்கத் திருத்தணிக்கு வந்திருந்தாள். சென்னையில் நான் வேலை பார்த்த குதிரையேற்றப் பள்ளியில் இப்போது சேண அறையின் பொறுப்பு அவளுடையது. நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். பழைய ஆட்களிடம் என்னைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டு தேடி வந்தாள். கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினாள். குதிரையின் முதுகுக்கும் சேணத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய விரிப்பைப் போடுகிறார்கள். ஆள் ஏறி உட்கார்ந்ததும் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்துகிறது என்பது கணினித் திரையில் நிறமாகத் தெரிகிறது. லேசாக அழுத்தினால் நீலம். பலமாக அழுத்தினால் சிவப்பு.

"இதெல்லாம் இல்லாம வெறும் கையாலயே எப்படி சார் கண்டுபிடிச்சீங்க? எங்க ஆண்டு மலருக்கு நீங்க எழுதித் தரணும்" என்றாள்.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோள்களுக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ளங்கை அளவில் இரண்டு சிவப்புத் திட்டுகள். குடித்துக்கொண்டிருந்த காபியை அதற்குமேல் குடிக்க முடியவில்லை. அதே இரண்டு இடங்களை, வேறொரு குதிரையின் முதுகில், நான் ஒருமுறை என் கையால் அழித்திருக்கிறேன்.

அர்ச்சனா கேட்டது தொழில் நுணுக்கம். அது இதற்குள் வரும். ஆனால் நான் எழுதுவது ஒரே ஒரு குதிரையைப் பற்றி. மலரில் போடுவதா வேண்டாமா என்பதை அவள் படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

என் அப்பா மணவூரில் ரயில்வே கேட்காரர். நான் வரலாற்றில் எம்.ஏ. முடித்துவிட்டு, கிடைத்த வேலை என்று அந்தப் பள்ளியில் எழுத்தராகச் சேர்ந்தேன். தினமும் மணவூரிலிருந்து ரயிலில் போய் வந்தேன். சேணங்களைக் கவனித்துக்கொண்டவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டபோது, "ஒரு வாரம் பாருங்க" என்று அந்த அறையின் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். ஓய்வு பெறும்வரை அது என்னிடமே இருந்தது. நடுவில் கான்பூருக்கு அனுப்பித் தோல் வேலையும் திணிப்பு வேலையும் கற்றுக்கொள்ள வைத்தார்கள். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சொல்ல வேண்டியது ரேச்சல் மேடத்தைப் பற்றி.

அவர்தான் தலைமைப் பயிற்சியாளர். ஒல்லியான உருவம், கழுத்தோடு வெட்டிய நரைமுடி. குதிரை அருகில் இருக்கும்போது குரலை உயர்த்தமாட்டார். யார் என்ன சொன்னாலும் அவர் பதில் ஒரே வார்த்தைதான்: "காட்டுங்க." லாடம் மாற்றியாகிவிட்டது என்றால், "காட்டுங்க." குதிரை தண்ணீர் குடித்துவிட்டது என்றால், வாளியைக் "காட்டுங்க." ஒருமுறை நான் காய்ச்சல் என்று விடுப்புக் கேட்டபோதும் "காட்டுங்க" என்று நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "குதிரைக்கு இவ்ளோ சூடு நார்மல். உங்களுக்கு இல்ல. வீட்டுக்குப் போங்க" என்றார்.

சேண அறைக்கு நான் போன முதல் நாளே அவர் என்னை ஒரு குதிரையின் பக்கத்தில் நிற்க வைத்து, சேணத்தின் முன்பகுதிக்கு அடியில் என் வலது கையை நுழைக்கச் சொன்னார். பிறகு லாயத்திலேயே கனமான ஆளைக் கூப்பிட்டு ஏறச் சொன்னார். என் விரல்கள் சேணத்தின் சட்டத்துக்கும் குதிரையின் எலும்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டன. அலறிவிட்டேன். அவர் அசையவில்லை. அந்த ஆள் இறங்கிய பிறகு கேட்டார்.

"எவ்ளோ நேரம் இருந்திருக்கும்?"

"ஒரு நிமிஷம் இருக்கும் மேடம்."

"இதுக்கு ஒரு மணி நேரம்" என்று குதிரையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு குதிரைக்குச் சேணம் பார்ப்பது அவரிடம் ஒரு பூஜை மாதிரி வரிசையாக நடக்கும். முதலில் குதிரையைச் சமதரையில், நான்கு கால்களும் சீராக ஊன்றும்படி நிறுத்த வேண்டும். பின்னால் ஒரு முக்காலியில் ஏறி நின்று, மேலிருந்து முதுகைப் பார்க்க வேண்டும். இரண்டு தோள்களும் ஒரே அளவு என்று யாரும் நினைத்துக்கொள்ளக் கூடாது. பெரும்பாலும் ஒன்று பெரிதாக இருக்கும். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஒரு எலும்பு மேடு இருக்கிறது. தோள்மேடு என்போம். சேணம் அதைத் தொடவே கூடாது. அதன் இரு பக்கத்தையும் இறுக்கவும் கூடாது. இவை இரண்டும் ஒன்றாக அமைவதுதான் கஷ்டம். வளையும் ஈயப் பட்டையைத் தோள்மேட்டின்மேல் வைத்து அழுத்தி, அந்த வடிவத்தை அட்டையில் வரைந்துகொள்வோம். துணி எதுவும் போடாமல் வெறும் சேணத்தைக் கழுத்துப் பக்கமாக வைத்து, முடி படியும் திசையில் பின்னால் தள்ள வேண்டும். ஓர் இடத்தில் அது தானாக நிற்கும். அதுதான் அதன் இடம். பிறகு கை. பிறகு ஆள் ஏறிய பிறகு மறுபடியும் கை. பிறகு குதிரை வேர்க்கும்வரை ஓட்டம்.

கடைசிச் சோதனை வேர்வை. சேணத்தை எடுத்ததும் அடியில் முதுகு முழுதும் ஒரே சீராக நனைந்திருக்க வேண்டும். ஈரத்துக்கு நடுவில் ஓர் இடம் மட்டும் காய்ந்திருந்தால், அங்கே சேணம் வேர்வையைக்கூட வரவிடாமல் நசுக்குகிறது என்று அர்த்தம். புதிதாக வருகிறவர்கள் நனைந்த இடத்தைத்தான் சந்தேகப்படுவார்கள். நாங்கள் பயப்படுவது காய்ந்த இடத்தைப் பார்த்து.

அந்தக் குதிரை வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தது. செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைச் சொட்டு, வலது காதில் சின்னக் கிழிசல். தோள்மேடு அவ்வளவு உயரமாக இருந்ததால் லாயத்தில் அதற்குக் கோபுரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மேட்டுக்குப் பின்னால் பள்ளம். முதுகு குட்டை. இடது தோள் வலதைவிடப் பெரிது. இருந்த சேணங்களில் எதைப் போட்டாலும் ஒன்று மேட்டில் இடித்தது, இல்லையென்றால் வலப்பக்கம் சரிந்தது.

"இதுக்குத் தனியா செய்யணும்" என்றார் மேடம்.

எனக்கு அது பிடிக்கவில்லை. அப்போது நான் பெயர் வாங்கியிருந்தேன். மற்ற ஊர்ப் பள்ளிகளிலிருந்துகூட ஆள் அனுப்பி என்னிடம் யோசனை கேட்பார்கள். உயரமான முன்வளைவும் குறுகலான சட்டமும் கொண்ட ஒரு சேணத்தை நான் தேர்ந்தெடுத்து வரவழைத்தேன். எல்லாச் சோதனையிலும் அது தேறியது. மேடமே கை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

"இப்போ சரி. ஆனா இது வளர்ற குதிரை. மாசாமாசம் எனக்குக் காட்டுங்க."

நல்ல தீனி, நல்ல வேலை. ஆறேழு மாதத்தில் கோபுரம் வேறு குதிரையாகிவிட்டது. தோள்களில் சதை போட்டது. எலும்புக் குதிரைக்கு எடுத்த சட்டம் இப்போது இடுக்கியாகிவிட்டது. சேணத்தின் அடியில் கை நுழையச் சிரமப்பட்டதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு நான் செய்தது, நம்தா என்கிற கம்பளி விரிப்பு ஒன்றை அடியில் கூடுதலாகப் போட்டது. இறுக்கமான செருப்புக்குள் காலுறை போடுகிற வேலை அது. என் கீழே வேலை பார்த்தவன் யாராவது செய்திருந்தால் திட்டியிருப்பேன்.

ஒரு காலை ஓட்டம் முடிந்து நானே சேணத்தை இறக்கினேன். முதுகு முழுதும் கறுத்து நனைந்திருந்தது. தோள்களுக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ளங்கை அளவு இரண்டு இடம் மட்டும் பஞ்சுபோல் காய்ந்திருந்தது. லாயத்தின் அந்த முனையிலிருந்து மேடம் ஒவ்வொரு குதிரையாகப் பார்த்துக்கொண்டே வருவது தெரிந்தது. அது மாதச் சோதனை நாள்.

குதிரையைக் கழுவுகிற வாளி காலடியில் இருந்தது. அதில் ஸ்பாஞ்சு மிதந்தது.

ஸ்பாஞ்சை எடுத்துப் பாதி பிழிந்து, இடப்பக்கம் ஒரு தடவை, வலப்பக்கம் ஒரு தடவை ஒற்றினேன். முடியை விரலால் படிய விட்டேன். அவ்வளவுதான். நான் தேர்ந்தெடுத்த சேணம் தப்பு என்று என் வாயால் சொல்ல மனம் வரவில்லை. இதற்கு வேறு காரணம் கண்டுபிடிக்க எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன். இல்லை.

"காட்டுங்க" என்றார் மேடம்.

காட்டினேன். அவர் முதுகில் கையை ஓட்டிவிட்டு, உள்ளங்கையின் ஈரத்தைப் பார்த்தார். "நல்லா சீரா வேர்த்திருக்கு. நான் தனியா செய்யணும்னு சொன்னேன். நீங்க சொன்னதுதான் சரி, கதிரேசன்." அவரிடம் வேலை பார்த்த காலம் முழுவதிலும் நான் சொன்னது சரி என்று அவர் சொன்னது அந்த ஒருமுறைதான்.

அடுத்த சில வாரங்களில் கோபுரம் மாறியது. வயிற்று வாரை இறுக்கப் போனால் திரும்பிக் கடிக்க வந்தது. ஆள் ஏறினால் முதுகை வளைத்துத் துள்ளியது. மாணவர்கள் பயந்தார்கள். மேடம் டாக்டரை வரவழைத்துப் பல்லைப் பார்க்கச் சொன்னார், கால்களைப் பார்க்கச் சொன்னார். ஒன்றுமில்லை. "சேணம் இல்ல. வேர்வை பாத்தாச்சு. பல்லு இல்ல, காலு இல்ல. ஏறிப் பாத்தாத்தான் தெரியும்" என்று அவரே ஏறினார். அப்போது அவருக்கு அறுபதை நெருங்கும் வயது.

நான் வேலி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். நிறுத்தச் சொல்லியிருக்கலாம். நான்கு எட்டுதான் வைத்தது. அதன் பிறகு இரண்டு பின்கால்களும் மேலே போயின. மேடம் விழுந்த சத்தம் காய்ந்த கட்டை முறிகிற சத்தம்போல இருந்தது.

எல்லோரும் அவரைத் தூக்கப் போனார்கள். குதிரையைப் பிடித்தது நான்தான். சேணத்தையும் இரண்டு நம்தாக்களையும் இறக்கினேன். அந்த இரண்டு இடங்களும் முட்டை அளவுக்கு வீங்கிக் கொதித்தன. ஒன்றில் தோல் வெடித்திருந்தது. விரல் பட்டதும் அந்தப் பெரிய உடம்பு முழுதும் நடுங்கியது. நான் மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடி, லாயத்துக்குள் கட்டிவிட்டு வந்தேன்.

இடுப்பு எலும்பு உடைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் நான் போய் நின்றதும் மேடம் என்னைச் சமாதானப்படுத்தினார். "உங்க சேணத்தப் பத்தி யாராவது பேசினா என்கிட்ட அனுப்புங்க. நானே பாத்தேனே. குதிரைக்குத்தான் மனசு கெட்டுப்போச்சு. வித்துடச் சொல்லிட்டேன்." நான் அவருடைய தலையணையைச் சரி செய்தேன்.

கோபுரத்தை ஒரு தரகர் ஓட்டிக்கொண்டு போனார். மேடம் அதன் பிறகு குதிரை ஏறவில்லை. மைதான ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கைத்தடியால் காட்டிக் கற்றுக்கொடுத்தார். தினமும் காலையில் அந்த நாற்காலியை நான்தான் எடுத்துப் போடுவேன். சில வருடங்கள் கழித்து அவர் காலமானார். அடக்கத்தில் கடைசி வரிசையில் நின்றேன். அதுவரைக்கும் அவரிடம் சொல்ல எனக்குக் கிடைத்த நாட்கள் எத்தனையோ. எதிலும் சொல்லவில்லை.

ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான திருத்தணிக்கு வந்து சேர்ந்தோம். முகூர்த்த நாட்களில் மலையடிவாரத்து மண்டபங்கள் நிரம்பி வழியும். முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. சாலையில் வண்டி நகராது. ஒரு நாள் மருந்து வாங்கப் போனவன் அப்படி ஒரு கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன். பேண்டு முழங்க, சரிகைத் துணி போர்த்திய ஒரு குதிரை மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு ஆடியது. தலையை உதறி, முன்னும் பின்னும் துள்ளி ஆடியது. பையன்கள் விசிலடித்தார்கள்.

"இத்துக்குத்தான் கிராக்கி சார்" என்றார் பக்கத்தில் நின்ற கடைக்காரர். "மோளம் அடிச்சா போதும். தானா ஆடும். சொல்லிக் குடுக்கவே வாணாம்."

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். மாப்பிள்ளை பின்னால் சாய்ந்து கைக்குட்டையால் முகம் துடைத்தான். மேளம் அடித்துக்கொண்டுதான் இருந்தது. குதிரை ஆடவில்லை. யாரோ கூப்பிட, அவன் முன்னால் குனிந்து கை கொடுத்தான். குதிரை துள்ளியது. கூட்டம் கைதட்டியது. மறுபடி அவன் சாய்ந்தான். நின்றது. குனிந்தான். துள்ளியது. அது மேளத்துக்கு ஆடவில்லை. முன்பக்கம் கனம் விழும்போதெல்லாம் வலி தாங்காமல் குதிக்கிறது. அத்தனை பேரும் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கூட்டத்தோடு மண்டபம்வரை போனேன். மாப்பிள்ளை இறங்கிய பிறகு குதிரைக்காரர் அதைச் சுவரோரமாக ஓட்டிப்போய்ச் சேணத்தை இறக்கினார். ஆந்திரப் பக்கத்து உறவுக்காரர்போலத் தெரிந்த ஒரு வயதான அம்மா கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

"நைனா, கொஞ்சம் தொட்டுக்கட்டுமா?"

"ஆங், தொட்டுக்கம்மா" என்றார் குதிரைக்காரர்.

அந்த அம்மா குதிரையின் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தோள்களுக்குப் பின்னால், இரு பக்கமும், உள்ளங்கை அளவில் தூய வெள்ளையாக இரண்டு திட்டுகள். செம்பழுப்புக் குதிரையின்மேல் விபூதியைக் குழைத்துப் பூசியது போலவே இருந்தன. "முருகன் கோயில் ஊரு பாரு, குதிரகூட விபூதியோட பொறந்திருக்கு" என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொன்னார். அந்தப் பெண்ணும் தொட்டுக் கும்பிட்டாள்.

எந்தக் குதிரையும் அப்படிப் பிறப்பதில்லை. சேணம் நசுக்கிப் புண்ணான இடத்தில், புண் ஆறிய பிறகு முடி வெள்ளையாகத்தான் முளைக்கும். நான் குதிரையின் தலைப் பக்கம் போனேன். நெற்றியில் வெள்ளைச் சொட்டு. வலது காதில் கிழிசல். சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா சார், மயக்கமா? சோடா வாங்கியாரட்டா?" என்று குதிரைக்காரர் ஓடி வந்தார்.

அவர் பெயர் இக்பால். அரக்கோணத்தில் அவருடைய தம்பி சலீமின் லாரி மெக்கானிக் கடைக்குப் பின்னால் கொட்டகை. அந்த ஒரு குதிரைதான். அதை ராஜா என்று கூப்பிட்டார். மறுநாளே அரக்கோணம் போனேன். சேண வேலை தெரிந்தவன், குதிரைக்கு முதுகு வலி இருப்பது போலத் தெரிகிறது, பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"நம்ம ராஜாவ முன்னாடியே தெரியுமா சார் உங்களுக்கு?"

"எங்கியோ பாத்த மாதிரி இருக்கு" என்றேன்.

"அந்த விபூதி நான் சொன்னது இல்ல சார். வாங்கறப்பவே இருந்துது. ஜனங்களே சொல்லிகினாங்க. நான் ஆமான்னும் சொல்றதில்ல, இல்லன்னும் சொல்றதில்ல" என்று சிரித்தார். அவரிடம் இருந்தது வெல்வெட்டு தைத்த ஒரு பழைய சேணம். முன்வளைவு குறுகல். அடியில் மூன்று கம்பளி. "பாவம், குதிக்குதேன்னுதான் சார் மூணாவதும் போட்டேன்."

அந்தச் சேணமும் நசுக்கியது அதே இரண்டு இடங்களைத்தான். நான் தொடங்கியதை அது அத்தனை வருடமாகத் தொடர்ந்திருக்கிறது.

ஆட்டம் வலியால் என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. கொஞ்சம் கோபமும் வந்தது. "ஆடறதுக்குத்தான் சார் கூப்புடறாங்க. ஆடாத குதிரைய எவன் சார் கூப்புடுவான்? நாலு ஜீவன் இத்த நம்பிகினு கீது." நான் வாதாடவில்லை. சேணத்தின் முன்வளைவுக்கு அடியில் அவருடைய கையை நுழைக்கச் சொன்னேன். நல்ல கனமான ஆளான சலீமை ஏறச் சொன்னேன்.

இக்பால் பாய் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கையை உருவியதும் விரல்களைப் பார்த்தார். பிறகு குதிரையின் முகத்தைப் பார்த்தார்.

"எறங்குடா டேய்" என்றார் தம்பியிடம். "அல்லாவே, இது மேலயா நான் இத்தினி பேர ஏத்தினேன்!"

அன்றே வேலையைத் தொடங்கினோம். ஈயப் பட்டை இல்லை. மின்சாரக் கடையில் கனமான வயர் ஒன்று வாங்கி, தோள்மேட்டில் வைத்து அழுத்தி, பழைய காலண்டர் அட்டையில் வடிவத்தை வரைந்தேன். வயதாகி, மேட்டுக்குப் பின்னாலிருந்த பள்ளம் இன்னும் இறங்கியிருந்தது. இடது தோள் அன்றைக்குப் போலவே பெரிதாக இருந்தது. உயரமான மேடு, அகலமான தோள், சரிந்த முதுகு. இதற்குக் கடையில் சேணம் கிடையாது. தனியாகத்தான் செய்ய வேண்டும். மேடம் அன்றைக்கே சொன்னதுதான்.

முன்வளைவுக்குள் இருக்கும் இரும்புத் தகட்டைக் கழற்றி, அட்டையின் வடிவத்துக்கு அகட்டித் தரும்படி சலீமிடம் கொடுத்தேன். "லாரி சேஸிஸையே நிமுத்தறோம். இது இன்னா சார், பொட்டுக்கடலை" என்றார். ஆனால் மூன்று தடவை திருப்பி அனுப்பினேன். ஒரு பக்கம் ஒரு நூல் அளவு அதிகமாக விரிந்திருந்தாலும் சேணம் சாயும். மூன்றாவது தடவை, "உங்க பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்கறப்பகூட இவ்ளோ நோண்டியிருக்க மாட்டீங்க சார்" என்று அலுத்துக்கொண்டார். பழைய திணிப்பைக் கட்டி கட்டியாகப் பிய்த்து எறிந்தேன். புதுக் கம்பளியைக் கையால் சிக்கெடுத்து, சிறு சிறு பிடியாக நிரப்பினேன். வலப்பக்கம் கூடுதல், இடப்பக்கம் குறைவு, பின்பள்ளத்துக்கு இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு தடவையும் முதுகில் வைத்துப் பார்த்து, எடுத்து, மறுபடி திணித்தேன். கடைசியில் கை சுலபமாக உள்ளே போயிற்று. சலீம் ஏறிய பிறகும் போயிற்று. நுழைத்துப் பார்த்தது இக்பால் பாயின் கை.

புதுச் சேணத்தோடு முதல் கல்யாணமும் திருத்தணியிலேயே அமைந்தது. நானும் போனேன். மேளம் அடித்தார்கள், வெடி வெடித்தார்கள். குதிரை தலையைத் தாழ்த்திக்கொண்டு, காதுகளைத் தளர்த்திக்கொண்டு, சந்தைக்குப் போவதுபோல நடந்தது. மாப்பிள்ளை இஷ்டத்துக்கு முன்னால் குனிந்தான், குழந்தைகளைத் தூக்கி முன்னால் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டான். ஒன்றும் ஆகவில்லை.

"பாவா, குதிர ஆடும்னு சொன்னியே, இன்னா தூங்கிகினு போவுது?" என்று மாப்பிள்ளையின் மச்சான் கேட்டான். இன்னொருவன் பாயைப் பிடித்துக்கொண்டான். "யோவ் பாய், குதிரைய மாத்தி இஸ்துகினு வந்துட்டியா?"

"குதிர அதேதான் தம்பி" என்றார் பாய். "செருப்புதான் மாத்திகீது."

சிரிப்பு எழுந்தது. ஆனால் அதே கூட்டத்தில் இருவர், அடுத்த மாதத்துக்குப் பேசியிருந்ததை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனதையும் நான் பார்த்தேன். பாயும் பார்த்தார்.

மண்டபத்தின் ஓரத்தில் சேணத்தை அவரே இறக்கினார். வேர்வைச் சோதனையை நான் அவருக்கு முன்பே சொல்லிக்கொடுத்திருந்தேன். அதனால் என்னைவிட முந்திக்கொண்டு, ஆசையாக முதுகைப் பார்த்தார். முகம் மாறியது.

"சார். இன்னும் அழுத்துது சார்."

முதுகு முழுதும் சீராக நனைந்து கறுத்திருந்தது. அந்த இரண்டு வெள்ளை இடங்கள் மட்டும் காய்ந்திருந்தன.

கையை வைத்து அழுத்திப் பார்த்தேன். சூடு இல்லை, வீக்கம் இல்லை. குதிரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சேணத்தில் குறை இல்லை. அந்த இடத்துத் தோலில் வேர்வைச் சுரப்பிகள் என்றைக்கோ செத்துவிட்டன. எந்தச் சேணம் போட்டாலும், சேணமே போடாவிட்டாலும், அவை இனி நனையா.

பாயின் காலடியில் வாளி இருந்தது. அதில் ஸ்பாஞ்சு இருந்தது. 'வெள்ளை முடி இருக்கிற இடம் அப்படித்தான் பாய், பிறவிக்கோளாறு' என்று ஒரு வாக்கியம் வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார்.

"அழுத்தல பாய்" என்றேன். "அது என்னால ஆனது."

வாளிக்குப் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சேணம், நம்தா, ஸ்பாஞ்சு, மேடம். முடித்ததும் அவர் குதிரையின் கழுத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். பிறகு அங்கிருந்தே குரல் வந்தது.

"அப்போ நான் இத்தினி வருஷமா ஜனங்களக் கும்புட வச்சது உங்க கைவேலைய. அப்படித்தானே?"

அந்த நேரம் பார்த்து, தலைக்குப் பூ வைத்த ஒரு அம்மா பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். "விபூதி குதிர இதுதானே நைனா?" என்று கையை நீட்டினார். பாய் அவருடைய கைக்கும் குதிரைக்கும் நடுவில் தன் கையைக் கொண்டுபோய்த் தடுத்தார்.

"விபூதி இல்லம்மா. புண்ணு ஆறின எடம்."

"ஐயோ. எப்புடி ஆச்சு நைனா?"

பாய் என்னைப் பார்த்தார். "சாரக் கேளுங்க" என்றார். சொல்லிவிட்டு ஸ்பாஞ்சை எடுத்துக் குதிரையின் கால்களைக் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

அந்த அம்மாவிடம் சொன்னேன். முழுதும் கேட்டார். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அழைப்புகள் முன்போல இல்லை. ஆடாத குதிரை, விபூதி இல்லாத குதிரை. சின்னக் குழந்தைகளை ஏற்றிப் படம் எடுக்கிறவர்கள் கூப்பிடுகிறார்கள், பயமில்லாமல் நிற்கிறது என்பதற்காக. ஒவ்வொன்றுக்கும் நான் கூடவே போகிறேன். சேணத்தை ஏற்றும்போது ஒருமுறை, இறக்கும்போது ஒருமுறை கை வைத்துப் பார்க்கிறேன். பாய் என்னிடம் தேவைக்குமேல் பேசுவதில்லை. யாராவது கிட்டே வந்து, முதுகில் அது என்ன என்று கேட்டால் மட்டும் என் பக்கம் கையைக் காட்டுகிறார்.

"சாரக் கேளுங்க."

சொல்கிறேன்.